பதினொன்றாவது பொருள்

தீர்மானப் புத்தகம் மலையேறும்போதே
எழுதி முடித்திருந்தது.
ஒடுகத்தூரில் ஜீப்பில் வைக்கும்போதே
ஆகஸ்ட் பதினைந்து என்று தேதி,
'ஏகமனதாக' என்று பதினோரு இடத்தில்.
எங்களுக்கு மிச்சம் கையெழுத்தும்
தட்டில் ஆரஞ்சு மிட்டாயும்.

நான் மூன்றாவது வார்டு. வயது இருபத்திரண்டு.
எதிர்த்து நின்றவர் சொந்த மாமன்,
ஒன்பது ஓட்டு வித்தியாசம்.
செயலர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

படிங்க சார், என்றேன்.
என்னத்தம்மா படிக்கிறது, எல்லாம் உள்ளதுதான்.
உள்ளதத்தான் படிங்க.

ஊர்க்கவுண்டர் செருமினார்.
அவர் செருமினால் நெல்லிமந்தையில்
ஆடுகூடக் கத்தாது என்பார்கள்.
ஆடு ஒன்று கத்தியது.
துளசிமணி எழுந்தாள், மடியில் கைக்குழந்தையோடு.
மாதையன் எழுந்தான்.
திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து
லீவு சொல்லாமல் வந்த ஜோதிலிங்கம்
எழுந்து, மறுபடி உட்கார்ந்து, எழுந்தான்.

மூன்று ராத்திரி நடந்திருந்தோம்
செல்போன் வெளிச்சத்தில், கம்பம் எண்ணிக்கொண்டு.
புத்தகத்தில் விளக்கு பதினெட்டு.
மலையில் கம்பம் ஏழு.
எரிவது ஒன்று, அதுவும் காற்றில்லாத நாளில்.
நான் சொன்னதும் சிரித்தார்கள்,
கோபம் வருவதற்கு முன்னால் வருமே, அந்தச் சிரிப்பு.

செயலர் படிக்க ஆரம்பித்தார்.
குடிநீர்த் தொட்டிக்கு வெள்ளை, செலவு இவ்வளவு.
தொட்டியைத் திரும்பிப் பார்த்தோம்,
அது பச்சையாக இருந்தது.
ஒவ்வொரு பொருளுக்கும் ஊர் கொஞ்சம் நிமிர்ந்தது.
சாமை அறுக்கும்போது கூட இவ்வளவு நேரம்
யாரும் ஓரிடத்தில் நின்றதில்லை.

பதினொன்றுக்கு வந்ததும் அவர் குரல் சுருங்கியது.
கசிவுநீர்க் குட்டை, நூறு நாள் வேலை, ஆட்கள் பெயர்.
பாப்பா, இது வேண்டாம் என்றார்.
நிஜமாகவே எனக்காகத்தான் சொன்னார்.
எனக்கு அது அப்போது புரியவில்லை.

புத்தகத்தை வாங்கி நானே படித்தேன்.
வெட்டாத குட்டைக்கு வெட்டியவர்கள் முப்பத்தொரு பேர்.
ஆறாவது பெயர்
சின்னாண்டி, த/பெ குள்ளன், நாற்பத்திரண்டு நாள்.

அந்த நாற்பத்திரண்டு நாளும்
எங்கப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தார்.
பணம் அனுப்பிய ரசீது
என் ப்ளஸ் டூ புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

எழுத்து தெரியும் எனக்கு. நாக்குதான் தெரியாதமாதிரி நின்றது.
ஐந்தாவது பெயருக்கும் ஏழாவது பெயருக்கும் நடுவில்
ஒரு மூச்சு விட்டால் போதும், தாண்டிவிடலாம்.
கூட்டத்தின் கடைசியில், புளியமரத்தடியில்
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் அவர்.

படித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.
மாமன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு
ஒன்பது ஓட்டு, என்றார், மெல்ல.
பதினொன்றாவது பொருள் நிராகரிக்கப்பட்டது என்று
துளசிமணி எழுதினாள்; 'நிராகரி'க்கு எந்த ர என்று
என்னைக் கேட்டாள், சொன்னேன்.
கைரேகை மை தீர்ந்துபோய்
மிச்சப் பேருக்கு அடுப்புக்கரியைக் குழைத்தோம்.

வீட்டில் அப்பா, கார்டை அவன் வாங்கிட்டுப் போனான்,
பாதியை எடுத்துக்கிட்டான், என்றார்.
மீதிப் பாதி எங்கே என்று
வார்டு உறுப்பினர் கேட்க வேண்டும்.
மகள் கேட்கவில்லை, என் காலேஜ் ஃபீஸ் அது.

திங்கட்கிழமை சத்துவாச்சாரிக்குப் போனோம்,
இரண்டு பஸ், நான்கு பேர், ஒரு நகல்.
மனுவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள்.
எண்ணை வைத்துக்கொண்டு திரும்பினோம்.

சனிக்கிழமை ஊற்றடியில் சேறு வார ஆள் கூப்பிட்டிருந்தோம்.
கூலி இல்லை, டீ உண்டு என்று சொல்லித்தான்.
பதினான்கு பேர், எல்லாம் எங்கள் வயசு.
எதிர்க்கரையில் மண்வெட்டியோடு ஒருவர்.
என்னைப் பார்க்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவர் பெயரை மாதையன் நோட்டில் எழுதினான்,
பதினைந்தாவதை எழுதாமல் என்னைப் பார்த்தான்.
நான் சேற்றுக் கூடையைத் தூக்கி
அடுத்த கைக்குக் கொடுத்தேன்.